வலது மடிப்பு

இவாகிச்சி பலகையை முதுகில் கட்டிக்கொண்டு கவாசே விடுதியின் கற்படிகளில் ஏறியபோது உச்சி வேளைதான். ஆனால் அந்த மலையில் இலையுதிர் காலத்து மூடுபனி இறங்கிவிட்டால் உச்சி வேளையும் ஒன்றுதான், அந்தி வேளையும் ஒன்றுதான். வாசல் விளக்கு மட்டும் மஞ்சளாய் அந்தரத்தில் மிதந்தது. வெந்நீர் ஊற்றின் கந்தக வாடை வழக்கம்போல் மூக்கில் ஏறியது.

மனிதர் நல்ல சந்தோஷத்தில் இருந்தார். இருக்காதா பின்னே? மரத்தில் மரம் பதிக்கும் தொழிலில் தலை நரைத்தவர் அவர். சாயம் ஒரு சொட்டுத் தொடமாட்டார். வெள்ளைக்கு ஒரு மரம், மஞ்சளுக்கு ஒரு மரம், சிவப்புக்கு ஒரு மரம் என்று தேடிச் சேர்த்து, சுற்றுலா வருகிறவர்கள் வாங்கிப்போகும் பெட்டிகளின் மேல் பூவும் அலையும் பதித்துக் காலம் தள்ளியவர். இப்போதுதான் முதல் முறையாக ஒரு பெரிய விடுதி அவரிடம் பெயர்ப்பலகை கேட்டிருந்தது. அதுவும் சம்பந்தி வீடு. வசந்த காலத்தில் மகள் மிசாவோவை இந்த வீட்டுக்குத்தான் கட்டிக்கொடுத்திருந்தார். பலகையில், விளக்கேந்தி விருந்தாளிகளை வரவேற்கும் பெண்ணாக அந்த மகளையே பதித்துவிட்டார். யாரும் அப்படிக் கேட்கவில்லை. பெரிய இடத்து வாசலில் தன் பெண் நிற்க வேண்டும் என்று அவருக்கே வந்த ஆசை அது.

"வாங்க சம்பந்தி," என்றாள் ரித்சு. விடுதியின் எஜமானி, மிசாவோவின் மாமியார். சிரித்தாலும் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையாத பெண்மணி. "எங்க வீட்டு மரத்தை வெச்சு என்ன வித்தை காட்டியிருக்கீங்க, பார்ப்போம்."

வெந்நீர்க் குளத்தைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் கோஹெய் ஏணி போட்டு ஏறி, வாசலுக்கு மேலே பலகையை அடித்து மாட்டினார். வேலைக்காரப் பெண்கள் ஓடிவந்து அண்ணாந்து பார்த்தார்கள். எல்லோர் கண்ணும் போய் நின்றது பலகைப் பெண்ணின் கூந்தலில்தான். தக்காளிபோல் பழுக்கும் பெர்சிமன் மரம் ஊரெல்லாம் இருக்கிறது. ஆனால் எங்கோ ஒரு மரத்தின் வயிற்றுக்குள்தான் அப்படியொரு கருப்பு ஓடும். விடுதியின் பின்புறம் நின்ற மரத்தை வெட்டியபோது கிடைத்த கருப்பு அது.

ரித்சு வெகுநேரம் பார்த்தாள். "நல்லா இருக்கு," என்றாள். கொஞ்சம் கழித்து, "ரொம்ப நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ஏணியிலிருந்து இறங்கிய கோஹெய் இவாகிச்சியின் காதருகே வந்தார்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அந்த மடிப்பைப் பாருங்க."

இவாகிச்சி பார்த்தார்.

பலகைப் பெண்ணின் கிமோனோவில் வலது மடிப்பு மேலே இருந்தது.

"உசுரோட இருக்கிறவங்க இடது மடிப்பைத்தானே மேல போடுறோம்?" கிழவரின் குரல் இன்னும் தணிந்தது. "இது பொணத்துக்குக் கட்டுற கட்டுல்ல?"

எப்படி நடந்தது என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. இந்தத் தொழிலில் உருவத்தை ஒரு தடித்த கட்டையில் மேலிருந்து அடிவரை பதித்துக்கொண்டு, பெரிய இழைப்புளியால் காகிதம்போலச் சீவி எடுப்பார்கள். எத்தனை சீவல் எடுத்தாலும் ஒரே படம்தான் வரும். சுருண்டு வரும் சீவலை இஸ்திரி போட்டு நிமிர்த்திப் பலகையில் ஒட்டுவார்கள். பூவுக்கும் அலைக்கும் சீவலின் எந்தப் பக்கம் மேலே இருந்தாலும் குற்றமில்லை. வாழ்நாளெல்லாம் அப்படியே ஒட்டிப் பழகிய கை, பெண் உருவத்தையும் புரட்டி ஒட்டிவிட்டது. கண் கவனித்திருக்க வேண்டும். கண் முழுக்க அந்தக் கருப்பு முடியில் அல்லவா கிடந்தது!

"மெருகு இன்னும் சரியா காயலை," என்று உள்ளே எட்டிக் குரல் கொடுத்தார். "எடுத்துட்டுப் போய் நாலு நாள்ல கொண்டாறேன் சம்பந்தியம்மா."

"சனிக்கிழமை டோக்கியோவிலேருந்து கம்பெனிக்காரங்க கூட்டமா வராங்க. வாசல் மொட்டையா இருந்தா நல்லாவா இருக்கும்? பலகை அங்கயே இருக்கட்டும்."

அப்போது மிசாவோ தேநீர் கொண்டு வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். மகளைப் பார்த்ததும் மலர்ந்த அவர் முகம் அவள் மார்பைப் பார்த்து அப்படியே நின்றது.

"அம்மாடி, மடிப்பை மாத்திப் போட்டிருக்கியே!"

அவள் குனிந்து பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, காலையில சரியாத்தானேப்பா கட்டினேன்! தூக்கக் கலக்கம் போல. அத்தை பார்த்திருந்தா தொலைஞ்சேன்." சுவரைப் பார்த்துத் திரும்பிச் சரிசெய்துகொண்டாள். அவள் கடந்து போனபோது ஒரு வாடை வீசியது. கந்தகம் இல்லை. பழுக்காத பெர்சிமன் காயை அறுத்தால் வருமே, நாக்கை இழுத்துப் பிடிக்கிற துவர்ப்பு வாடை, அது.

படி இறங்கிப் பாதி வழியில் திரும்பிப் பார்த்தார். பலகையின் கீழே நின்று மகள் குனிந்து வணங்கி வழியனுப்பிக்கொண்டிருந்தாள்.

வலது மடிப்புதான் மேலே இருந்தது.

வீட்டுக்கு வந்து மனைவி தோமேயிடம் சொன்னபோது, அவள் கையிலிருந்த இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

"அந்த மரம் வேணாம்னு அன்னிக்கே தலைபாடா அடிச்சிக்கிட்டேன்ல?"

"மரம் என்னடி பண்ணும்? ஒட்டினது என் கை."

"மரம் என்ன பண்ணுமா? சயோ யாரு, எப்படிச் செத்தான்னு ஊருக்கே தெரியும். உங்களுக்குத் தெரியாது?"

அவருக்குத் தெரியாமல் என்ன? சயோ அந்த வீட்டின் முதல் மருமகள். மாப்பிள்ளை ஷுன்பெய்க்கு மிசாவோ இரண்டாம் தாரம். மூன்று குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு நாள், விருந்தாளிக்கு வைத்த சூப் ஆறிப்போயிருந்தது என்று ரித்சு சயோவை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் நின்று புத்தி வரட்டும் என்றாளாம். பிறகு விருந்தாளிகள் கூத்தில் மறந்து போனாளாம். விடிந்து பார்த்தபோது சயோ பெர்சிமன் மரத்தில் சாய்ந்தபடி இருந்தாள். கூந்தல் பனியில் உறைந்து பட்டையோடு ஒட்டியிருந்தது. அதை அறுத்துத்தான் உடலை எடுத்தார்கள். இருட்டில் வழி தவறிவிட்டாள் என்று விடுதியில் சொன்னார்கள். ஊர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டது; ஊரில் பாதிப் பேருக்கு அந்த விடுதியால்தான் பிழைப்பு. அந்த வசந்தத்திலேயே மரத்தையும் வெட்டினார்கள். நடுவில் மையாய்க் கருத்திருந்த அந்தக் கட்டையை, பின்னாளில் மிசாவோவைப் பெண் கேட்டு வந்த தரகர் கையில் ரித்சு கொடுத்தனுப்பினாள்.

"நீங்க மாப்பிள்ளையைப் பார்த்துப் பொண்ணு கொடுக்கலை," என்றாள் தோமே. "மரத்தைப் பார்த்துப் பொண்ணு கொடுத்தீங்க."

கட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, தரகரிடம் சம்மதம் என்று சொன்ன ஆள் அவர். அந்த மாதிரிக் கருப்பு மறுபடி கைக்கு வராது என்றுதான் அப்போது நினைத்தார். மகளைப் பற்றி என்ன நினைத்தார் என்று இப்போது எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

"நாளைக்கே போய்ப் பலகையைக் கழட்டுங்க."

"கம்பெனிக்காரங்க போயிடட்டும்டி. இப்ப போய், பொணக்கட்டுல ஒட்டிட்டேன்னு சொன்னா, அபசகுனம்னு அந்தம்மா புள்ளையையே திருப்பி அனுப்பிடும்."

கோழைத்தனத்துக்கு இப்படி நியாயமான உடுப்பு ஒன்று எப்போதும் கிடைத்துவிடுகிறது. ஒரு வாரம் அவர் பலகைப் பக்கமே போகவில்லை.

வாரம் முடிந்ததும் கோஹெய் வந்தார். உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றார்.

"மிசாவோ பொண்ணு சரியாவே சாப்பிடறதில்லை அண்ணே. பின்கட்டுல கதவைத் திறந்து வெச்சிட்டு அந்த வெட்டுன பெர்சிமன் அடிமரத்தையே பார்த்துட்டு உக்காந்திருக்கு. என்னம்மான்னா, குளிருதுங்குது. கொதிக்கிற குளத்துல இறக்கி விட்டாங்க. அப்பவும் குளிருதுங்குது."

"மாப்பிள்ளை?"

"அவரு டோக்கியோல விருந்தாளி புடிக்கிறாராம்." கிழவர் தரையைப் பார்த்தார். "முதல் பொண்ணு போன அன்னிக்கும் அங்கதான் புடிச்சிட்டிருந்தாரு."

கோஹெய் போனதும் இவாகிச்சி பட்டறைக்குள் நுழைந்தார். பெண் உருவம் பதித்த கட்டையில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. புதுச் சீவல் எடுத்து, சரியான பக்கம் மேலே வர ஒட்டி, நாளைக்கு யார் தடுத்தாலும் பழையதைச் சுரண்டிவிட்டு இதை ஏற்றிவிட வேண்டும். கட்டையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். இடது மடிப்பு மேலே, சரியாக இருந்தது. மேல்பக்கம் எது என்று தெரிய, பென்சிலால் அதன் மேல் ஒரு கோடு போட்டுக்கொண்டார். இழைப்புளியை வைத்து உடம்பெல்லாம் சாய்த்து ஒரே இழுப்பு. சீவல் சுருண்டு விழுந்தது. நீட்டிப் பிடித்தார்.

வலது மடிப்பு மேலே இருந்தது.

பென்சில் கோடு அவரைப் பார்த்துத்தான் இருந்தது. குழம்பிப்போய்ச் சீவலைப் புரட்டினார். படத்துப் பெண்ணின் விளக்கு வலது கையிலிருந்து இடது கைக்குப் போனது. முகம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் திரும்பியது. எல்லாம் மாறின.

மடிப்பு மட்டும் மாறவில்லை.

மறுபடி புரட்டினார். மறுபடியும் வலது. கட்டையைப் பார்த்தார், கட்டையில் சரியாக இருந்தது. இன்னொரு சீவல் எடுத்தார். இப்படிப் பிடித்தாலும் வலது, அப்படிப் பிடித்தாலும் வலது. இன்னொன்று. இன்னொன்று. பட்டறையில் துவர்ப்பு வாடை ஏறிக்கொண்டே வந்தது. வியர்வை கட்டையில் சொட்டியது. காலைச் சுற்றிச் சீவல்கள் குவிந்தன. அத்தனையிலும் அவர் மகள் பிணக்கோலத்தில் விளக்கேந்தி நின்றாள்.

"போதுங்க!" தோமே ஓடிவந்து இழைப்புளியைப் பிடித்துக்கொண்டாள். "கட்டையைப் பாருங்க. காகிதமா ஆயிடுச்சு. அது தீர்ந்துட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

அவருக்குத் தெரியாது. இழைப்புளியை விட்டுவிட்டு எழுந்தார்.

"பலகையும் வேணாம், ஒண்ணும் வேணாம். புள்ளையைக் கூட்டிட்டு வாங்க," என்றாள் தோமே. அழுகையும் கோபமுமாய் அவள் குரல் கிறீச்சிட்டது. "ஊரு என்ன வேணா பேசட்டும். என் புள்ளை எனக்கு வேணும்."

மறுநாள் மதியம் அவர் உளியை இடுப்பில் செருகிக்கொண்டு போனார். பனி அன்றைக்கு இன்னும் கனத்திருந்தது. கம்பெனிக்காரர்கள் போய்விட்டிருந்தார்கள், விடுதியில் சத்தமே இல்லை. கூடத்தில் ரித்சு தனியாக உட்கார்ந்து பூ அடுக்கிக்கொண்டிருந்தாள்.

இவாகிச்சி தரையில் நெற்றி பட விழுந்தார். "தப்பு பண்ணிட்டேன் சம்பந்தியம்மா. சீவலைப் புரட்டி ஒட்டிட்டேன். எம்பொண்ணைப் பொணக்கட்டுல வாசல்ல மாட்டிட்டேன். பலகையைக் கழட்டிடறேன். புள்ளையை என்னோட அனுப்பிடுங்க."

"தெரியுமே," என்றாள் ரித்சு.

"என்னது?"

"மாட்டின அன்னிக்கே பார்த்தேன். எனக்குக் கண்ணு இல்லையா?" ஒரு காம்பை நறுக்கிவிட்டு அவள் தொடர்ந்தாள். "மூணு குளிர்காலமா சயோ என் கதவைத்தான் தட்டிட்டிருந்தா. உள்ள வரலாமா அத்தை, உள்ள வரலாமா அத்தைன்னு. காது ரெண்டையும் பொத்திக்கிட்டு விடிய விடிய உக்காந்திருப்பேன். மரம் வீட்டை விட்டுப் போனா அவளும் போயிடுவான்னு நெனச்சேன், உங்களுக்குக் கொடுத்தேன். நீங்க அதையே மருமகளா செஞ்சு, பொணக்கட்டும் கட்டி, என் வாசல்லயே கொண்டாந்து நிறுத்திட்டீங்க."

"சம்பந்தியம்மா..."

"ஆனா உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அன்னியிலேருந்து அவ என் கதவைத் தட்டலை." அவள் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் நல்ல தூக்கம் தூங்கியவளின் தெளிவு. "அவளுக்கு வேற கதவு கிடைச்சிடுச்சு. பலகை அங்கயே இருக்கும்."

அவருக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் கழுத்தை நெரிக்க வேண்டும்போல் இருந்தது. நெரிக்க அவருக்கு என்ன யோக்கியதை? எழுந்து நடைபாதையில் பின்கட்டை நோக்கி ஓடினார்.

பின்கட்டின் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. பனி அறைக்குள்ளேயே வந்துவிட்டிருந்தது. அவள் அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். கூந்தல் அவிழ்ந்து பாயில் புரண்டது.

"மிசாவோ."

அவள் திரும்பவில்லை.

"உள்ள வரலாமா?" என்று கேட்டாள்.

"நீ உள்ளதானம்மா இருக்கே!" அவருக்கு அழுகை வந்துவிட்டது. "வா. நம்ம வீட்டுக்குப் போயிடலாம். அம்மா காத்திட்டிருக்கா."

தன் மேல்சட்டையைக் கழற்றி அவளைக் கழுத்துவரை போர்த்தினார். அந்த மடிப்பைப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை. கையைப் பிடித்தார், ஐஸாய் இருந்தது. பின்வாசல் வழியாகவே இறங்கி, தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு பாதைக்கு வந்தார்கள். பனியில் அடிமரம்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. யாரோ எங்கோ முனகியதுபோல் ஒரு சத்தம் கேட்டது. குளத்து நீர் குழாயில் கொப்பளிக்கிற சத்தம் என்று நினைத்தார்.

வழியெல்லாம் அவர்தான் பேசினார். மரத்தைப் பற்றிச் சொன்னார், தரகரைப் பற்றிச் சொன்னார், தன் பேராசையைச் சொன்னார். "அப்பனை மன்னிச்சிடும்மா," என்றார். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபமாக இருக்கிறாள், இருக்கட்டும், இருக்க வேண்டியதுதான் என்று எண்ணிக்கொண்டார். கையை மட்டும் விடவில்லை.

வீட்டு வாசலில் வந்ததும் அவள் நின்றுவிட்டாள். நிலைப்படிக்கு வெளியே, தலை குனிந்தபடி அப்படியே நின்றாள்.

தோமே ஓடிவந்தாள். "என்னடி இது, விருந்தாளி மாதிரி? பொறந்த வீட்டுக்குள்ள வர உனக்கு அழைப்பு வேணுமா? வாடி கண்ணு, உள்ள வா."

அவள் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்தாள்.

கூடத்தின் கணப்பருகே மகளை உட்காரவைத்து, தோமே சீப்பை எடுத்துக்கொண்டாள். இவாகிச்சி வாசல்படியில் உட்கார்ந்து, எத்தனையோ நாளுக்குப் பிறகு முழுசாக மூச்சு விட்டார். கூட்டிவந்துவிட்டார். அவ்வளவுதான் வேண்டும். இனி எந்த மரத்தையும் ஆசைப்பட்டுப் பார்ப்பதில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

மங்கும் வெளிச்சத்தில் யாரோ சரிவில் ஓடிவருவது தெரிந்தது. கோஹெய். கிழவருக்கு மூச்சு இழுத்தது.

"என்னய்யா?"

"அண்ணே... மிசாவோ பொண்ணு..."

"இங்கதான் இருக்கா. நான் கூட்டிட்டு வந்துட்டேன். உங்க எஜமானிகிட்ட போய்ச் சொல்லு."

கோஹெய் அவரைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"பின்னாடி அடிமரத்துக்கிட்ட கெடந்துச்சு அண்ணே. கையில விளக்கோட. இப்பதான் பார்த்தோம். மத்தியானத்துலேருந்தே அங்கதான் இருந்திருக்கணும்னு வைத்தியர் சொல்றாரு. கொஞ்சம் முன்ன பார்த்திருந்தா பொழைச்சிருக்குமாம். முனகிட்டு இருந்திருக்கும், யாரு காதுலயாவது விழுந்திருந்தா..." கிழவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "போயிடுச்சு அண்ணே. பொண்ணு போயிடுச்சு."

இவாகிச்சி எழுந்தார். எழுந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே திரும்பிப் பார்க்க அவரால் முடியவில்லை.

சீப்பு கூந்தலில் மெல்ல மெல்ல இறங்கும் சத்தம் கேட்டது.

"யாருங்க வாசல்ல?" தோமேயின் குரலில் இத்தனை நாள் இல்லாத பிரியம் வழிந்தது. "யாரா இருந்தாலும் அப்புறம் வரச் சொல்லிட்டுக் கதவைச் சாத்துங்க. புள்ளைக்குக் குளிருதுல்ல?"

சீப்பின் சத்தம் நின்றது.

"இல்லம்மா," என்று மகளுடையது அல்லாத ஒரு குரல் சொன்னது. "இப்ப குளிரலை."